செவலை தாண்டுறதுக்கு முன்னாடி

காவேரிப்பட்டணம்
மாசி, ஞாயித்துக்கிழமை மத்தியானம்

ஏய் தமிழு,

நல்லா இருக்கியா, பசங்க நல்லா இருக்காங்களா, பனியன் கம்பெனியில பாக்கி ஓவர்டைம் காசு வந்துச்சா? நான் சௌக்கியம். உன் லெட்டர் பொங்கலுக்கு முன்னாடியே வந்துடுச்சு. நாளைக்கு, நாளைக்குன்னே மாசி வந்தாச்சு. திட்டுறதை நேர்ல வந்து திட்டிக்கோ. காரணத்தை மட்டும் இப்பவே சொல்லிடறேன்: உங்கண்ணன் காலையில ஒரு நாய்கூட ஓடுறாரு, அவருக்குப் பின்னாடி விசிலோட நான் ஓடுறேன்.

சிரிக்காத. முழுசாப் படி.

அவரு ஓசூர் வேலையை விட்டு வி.ஆர்.எஸ். வாங்குனது உனக்குத் தெரியும். வாங்குனாரா, வாங்க வெச்சாங்களாங்கிறது வேற கதை. ஷிஃப்ட் பஸ்ஸுலயே பாதி ஆயுசைக் கழிச்ச மனுசன், திடீர்னு வீட்டுல உக்காந்தா என்ன ஆவாரு? செல்போன், திண்ணை, செல்போன். சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாரு. ஏன் பேசமாட்டேங்கிறீங்கன்னா, "என்ன பேச?" நான் ஸ்கூல் விட்டு வர்றப்போ காலையில உக்காந்த அதே இடத்துல உக்காந்திருப்பாரு. உனக்கு எழுதாததுக்கு உண்மையான காரணம் அதுதான்னு வெச்சுக்கோயேன். எழுத உக்காந்தா இதைத்தான் எழுதணும், எழுதப் பிடிக்கலை.

அந்த நேரத்துலதான் செல்போன்ல நாய் அஜிலிட்டி வீடியோ பார்த்திருக்காரு. மைதானத்துல தாண்டுற கம்பி, டனல், ஏறி இறங்குற பலகை, சீசா, வளைஞ்சு வளைஞ்சு போறதுக்கு நட்ட கம்புங்க இதெல்லாம் இருக்கும். ஜட்ஜ் போட்ட வரிசையில நாய் எல்லாத்தையும் முடிக்கணும். கம்பி விழுந்தா தப்பு, வரிசை மாறுனா ஆட்டம் காலி. கூட ஓடுற ஆளு நாயைத் தொடக்கூடாது, கையில தீனியும் இருக்கக்கூடாது. 1978ல லண்டன்ல கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நடுவுல, சும்மா இருக்கிற நேரத்துல ஜனங்களுக்கு வேடிக்கை காட்டணும்னு, குதிரைப் போட்டியைப் பார்த்து உண்டாக்குன ஆட்டமாம். நாம பொறந்த வருசம்டி. உன்னைவிட அது வேகமா வளர்ந்திருக்கு.

செவலை உனக்குத் தெரியுமில்ல? ராயக்கோட்டை தக்காளி மண்டியில லாரிக்கடியில கிடந்துச்சே, அதேதான். சிப்பிப்பாறை கொஞ்சம் கலந்திருக்கும்போல, நீட்டு உடம்பு, வயித்தைக் காணோம். மூணு வயசாகப் போகுது, அதனால தாண்ட விடலாம். எலும்பு முத்தாத குட்டியா இருந்திருந்தா உயரம் தாண்ட நானே விட்டிருக்க மாட்டேன். பிளம்பிங் கடையில பிவிசி பைப், அதை இணைக்கிற எல்போ, டீ எல்லாம் வாங்கியாந்து மாந்தோப்பு ஓரத்துல கம்பி போட்டாரு. குறுக்குக் கம்பியை ஒட்டாம சும்மாதான் தூக்கி வெச்சிருக்கு. கால் பட்டா கீழ விழணும், இல்லன்னா நாய்க்குத்தான் அடி. டனல் பிள்ளைங்க விளையாடுறது, உருளாம இருக்க ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. பிரச்சினையே அந்த டனல்தான்.

கேளு. மூணு கம்பி நேர் வரிசை. நேரா போனா எதிர்ல டனல் வாய். ஆனா மூணாவதைத் தாண்டுனதும் வலது பக்கம் திரும்பி நாலாவது கம்பிக்குப் போகணும். உங்கண்ணன் நாய்க்கு இடது பக்கமா ஓடுறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு... "ரைட்! ரைட்! ஏய் ரைட்டு!" செவலை டனலுக்குள்ள. மறுபடி ஆரம்பம், மறுபடி டனல். "இதுக்குக் காதே கேக்கலை, மண்டியில லாரி ஹாரன் கேட்டுக் கேட்டு செவிடாயிடுச்சு"ன்னு அவரு. பக்கத்துத் தோட்டத்துக் கிழவி, "டனலுக்குள்ள எலி இருக்குமோ"ன்னு அவங்க பங்குக்கு.

நான் செல்போன்ல மெதுவா ஓடவெச்சுப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் முதல்ல உன் ஞாபகம்தான் வந்துச்சு, அப்புறம்தான் சிரிப்பு. நாய் ரெண்டாவது கம்பியைத் தாண்டி இறங்குது. இவரு முழு வேகத்துல டனலைப் பார்த்து ஓடிக்கிட்டிருக்காரு, நெஞ்சு டனல் பக்கம், கால் விரல் டனல் பக்கம், கண்ணும் டனல் பக்கம். மூணாவது கம்பிக்குச் செவலையோட முன்னங்கால் ரெண்டும் தரையை விட்டுக் கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம்தான் இவரு வாய் திறக்குது, இன்னும் கொஞ்சம் கழிச்சு தோள் திரும்புது. நாய் ஆகாயத்துல இருக்குடி! ஆகாயத்துல இருக்கிறது எப்படித் திரும்பும்? எந்தப் பக்கம் இறங்கணும்னு தாண்டுறதுக்கு முந்தின எட்டுலயே அது முடிவு பண்ணியாச்சு. அந்த நேரத்துல அவரு உடம்பு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: டனலுக்குப் போ. அதுவும் போச்சு.

கோ-கோவுல துரத்துறவ தோள் எந்தப் பக்கம் திரும்புச்சோ அந்தப் பக்கம்தான் ஓடணும், மாத்துனா ஃபவுல். அந்த ஃபவுலை வாங்கி வாங்கியே டிஸ்ட்ரிக்ட் பைனல்ல நம்மளைக் கவுத்தவ யாருன்னு நான் இப்ப சொல்லப்போறதில்லை. தோளுதான் பேச்சு, வாய் சும்மான்னு ராணி மிஸ் தொண்டை கிழியக் கத்துனது, செவலைக்குச் சொல்லித் தராமலே தெரிஞ்சிருக்கு. நாய் முதல்ல நாம ஓடுற திசையையும் வேகத்தையும்தான் படிக்குது. அப்புறம் தோள், கால். கை அதுக்கும் அப்புறம். சத்தம் கடைசி.

அதனால மறுநாள் ஸ்கூல்ல டிராக் கோடு போடுற சுண்ணாம்புப் பொடி கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன். (ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டுத்தான்.) மூணாவது கம்பிக்கு முன்னாடி, செவலையோட ரெண்டு பாய்ச்சல் தூரத்துல குறுக்க ஒரு கோடு. "நாய் இந்தக் கோட்டை மிதிக்கிறதுக்குள்ள உங்க வேகம் குறைஞ்சிருக்கணும், தோள் நாலாவது கம்பியைப் பார்த்திருக்கணும். மிதிச்சப்புறம் பண்றது எதுவும் கணக்குல வராது"ன்னேன். வேகத்தைக் குறைக்கிறதே ஒரு சேதிதான். நாம முழு வேகத்துல ஓடுனா நேரா போன்னு அர்த்தம், குறைச்சா திருப்பம் வருதுன்னு அது எட்டைச் சுருக்கிக்கும். கோடு போட்ட அன்னைக்கே முதல் தடவை டனலை விட்டுட்டு வலது பக்கம் வந்துச்சு. உங்கண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. திறக்க மறந்துட்டாரு.

இப்ப நாய் இல்லாமத்தான் பாதிப் பயிற்சி. போட்டியிலயும் ஓடுறதுக்கு முன்னாடி ஆளுங்க மட்டும் நடந்து பார்க்கிறதுக்குக் கொஞ்ச நேரம் விடுவாங்க. இவரு வெறும் கையோட தோப்புல கம்பிக்குக் கம்பி நடந்து, திரும்பி, இல்லாத நாயைக் கூப்பிடுறாரு. பால்காரர் ஒருநாள் வண்டியை நிறுத்தி என்கிட்ட மெதுவா, "சாருக்கு உடம்பு எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

தீனி விஷயத்துலயும் ஒரு சண்டை நடந்துச்சு. நாய் சரியா தாண்டுனதும் இவரு தன் பக்கத்துல கூப்பிட்டு கையில வெச்சிருக்கிற கோழித் துண்டைக் கொடுப்பாரு. அப்படிக் கொடுத்தா அடுத்த தடவை அது கம்பியைப் பார்க்காது, கையைத்தான் பார்த்துக்கிட்டு ஓடும். எங்க இறங்கணுமோ அங்க விழணும் பரிசு. தாண்டுற நொடியிலயே "சபாஷ்", உடனே அது போற வழியில முன்னாடி பொம்மை. அஞ்சு நொடி கழிச்சு தட்டிக் கொடுத்தா எதுக்குத் தட்டுறோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?

சரி, இப்ப உண்மையான கவலைக்கு வர்றேன்.

அவரு முழங்கால். படியில இறங்குறப்போ பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குறாரு. நடங்க, லேசா ஓடுங்க, ஆனா ஓடிக்கிட்டே பட்டுன்னு நின்னு திரும்பாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஃப்ரண்ட் கிராஸ்னு ஒண்ணு இருக்கு. நாய்க்கு முன்னாடி போய், நாயைப் பார்த்த மாதிரியே திரும்பி, பக்கம் மாறணும். அதுவும் நாய் தாண்டுறதுக்குள்ள முடிச்சாகணும். பார்க்க ரொம்ப அழகு. ஆனா அதுக்கு நாயைவிட முன்னாடி இருக்கணும், பட்டுன்னு நிக்கணும், திரும்பணும். அதாவது டாக்டர் எதெல்லாம் வேண்டாம்னாரோ அத்தனையும். ஒருநாள் அப்படித் திரும்பினவரு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. செவலை ஓடி வந்து மூஞ்சியை நக்குது, இவரு சிரிக்கிறாரு, எனக்கு வயித்தைக் கலக்குது. நிறுத்துங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு தமிழு. நிறுத்துனா திரும்ப அந்தத் திண்ணை, அந்த செல்போன். சொல்லலை.

ஓடி ஜெயிக்க முடியாதுன்னா முன்கூட்டிச் சொல்லித்தான் ஆகணும். நாய் கண்ணு கம்பி மேல பதிஞ்சு, காது முன்னாடி வந்துடுச்சுன்னா, அது தாண்டப் போகுது. அதுக்கு மேல நாம அங்க காவல் நிக்க வேண்டியதில்லை, அடுத்த இடத்துக்குக் கிளம்பிடலாம். இவரு ஒவ்வொரு கம்பியிலயும் அது தாண்டி முடிக்கிற வரைக்கும் நின்னு பார்த்துட்டு, அப்புறம் பிடிக்க ஓடுவாரு. முழங்கால் போனது அந்த ஓட்டத்துலதான்னு நான் நினைக்கிறேன். இப்ப ஒரே ஒரு கம்பி வெச்சு, ஒவ்வொரு எட்டா விலகி நின்னு அனுப்பிப் பழக்குறோம். கிளம்புறது சீக்கிரம், ஆனா ஓட்டம் நிதானம். நேத்து பாதி தோப்பை நடையிலயே முடிச்சாரு, நாய் மட்டும் பறந்துச்சு.

மிச்சம் இருக்கிறது ரியர் கிராஸ். நாய் முன்னாடி போக, நாம அதுக்குப் பின்னாடி குறுக்க வெட்டிப் பக்கம் மாறணும். அவரு காலுக்கு இதுதான் தோது. ஆனா அது தாண்டப் போறதுக்கு முன்னாடியே நாம குறுக்க வர்றது அதுக்குத் தெரியணும். கொஞ்சம் தாமதமானாலும் செவலை தலையைத் திருப்பிப் பார்க்குது, கம்பியைத் தட்டுது, இல்ல இடது பக்கமே சுத்தி வருது. ரொம்ப சீக்கிரம் வெட்டுனா தாண்டாமலே நின்னுடுது. இந்த நொடியை என்னால அவருக்குப் பிடிச்சுக் கொடுக்க முடியலை. நான் விசில் அடிச்சா, "வீட்டுலயும் நீதான் பி.டி. டீச்சரா?"ன்னு கோபம் வேற. பொண்டாட்டி சொன்னா எந்தப் புருசன் கேட்டான்? நீ சொன்னா கேப்பாரு. "தமிழரசி கண்ணு பருந்துக் கண்ணு"ன்னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்காரு, பைனல் கதை அவருக்குத் தெரியாது.

அதனால பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பி வா. முந்தின நாளே வந்துடு, பயிற்சி விடியக்காலையிலதான். வெயில் ஏறிட்டா தரை சுடுது, நாயை விடமாட்டோம். இப்ப மா பூத்திருக்கு, மருந்து அடிக்கிறாங்க. அடிச்சா தோப்புப் பக்கமே போறதில்லை, அதனால வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணு, மருந்து நாளான்னு கேட்டுச் சொல்றேன். உனக்கு வேலை ஒண்ணுதான்: மூணாவது கம்பிக்குப் பக்கவாட்டுல நாற்காலி போட்டு உக்காந்து, அவரு குறுக்க வெட்ட வேண்டிய நொடியில "கோ"ன்னு கத்தணும். முன்னாடியும் இல்லாம பின்னாடியும் இல்லாம.

உன் மூத்தவனுக்குப் பார்த்த அரூர்ப் பொண்ணு விஷயம் என்னாச்சு? அதைப் பத்தி ஒரு வரியோட நிறுத்திட்ட. ஜாதகமா, அவனா, யாரு இழுக்கிறது?

அப்புறம், வர்றப்போ கம்பெனியில பனியன் வேஸ்ட் நீள நீளமா கிடக்குமே, அதுல ஒரு பை நிறையக் கொண்டாடி. கடையில வாங்குன கயித்துப் பொம்மை எல்லாத்தையும் செவலை பிரிச்சு மேஞ்சுடுச்சு. பனியன் துணியைப் பின்னினா கொஞ்ச நாளு தாங்கும், பல்லுக்கும் மெத்துன்னு இருக்கும். வெள்ளைத் துணி வேண்டாம், செம்மண்ணுல ஒரே நாள்ல கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். பளிச்சுன்னு நீலம் இருந்தா எடுத்துட்டு வா.

உன்
மஞ்சு