ஓய்ந்த ஆலைகளில் தீ: தண்ணீருக்கு இப்போதே வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை என்று வன்னியில் போரோடு ஓய்ந்துபோன தொழிற்சாலைகள் உண்டு. பூட்டிக்கிடக்கும் அரிசி ஆலைகளும் குறைவில்லை. சோளகக் காற்றுப் பிடித்து இலுக்குப் புல் காய்ந்துவிட்டால், இப்படியான காணிக்கு ஒரு பொறி போதும். கிளிநொச்சிப் பொதுச்சந்தை 2016 செப்டெம்பரில் எரிந்தபோது, தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. வண்டி பக்கத்தில் நின்றாலும் தண்ணீருக்கு வழியில்லையென்றால் நிலைமை அதேதான்.

5,000 லீற்றர் தண்ணீர் பவுசர் பெரிதாகத்தான் தெரியும். ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லீற்றர் விட்டால் பதினொரு நிமிடத்தில் அது வெறுமை. தண்ணீர் இறைக்கும் இரண்டு இஞ்சி மெசினால் திரும்ப நிரப்ப ஏறக்குறைய பத்து நிமிடம் வேண்டும். போய்வரும் நேரம் வேறு. அந்த இடைவெளியில் அடங்கிய தீ மறுபடி எழும்பிவிடும். ஆகவே தீக்கு அருகே மண்மூட்டைகளை வட்டமாக அடுக்கித் தறப்பாள் விரித்துத் தொட்டி கட்டவேண்டும். பவுசர்கள் அதற்குள் ஊற்றிவிட்டு ஓட, தீயணைப்பு வண்டி அதிலிருந்து உறிஞ்சி விடாமல் அடிக்கும்.

ஆவணியில் குளத்துத் தண்ணீர் அணைக்கட்டைவிட்டு வெகுதூரம் விலகிக் கிடக்கும். அணைக்கட்டில் நிற்கும் மெசின் ஏழு மீற்றர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. ஆனால் தூரத்துக்குத் தள்ளும். எனவே மெசினைத் தண்ணீர்க்கரைக்கே இறக்குங்கள். குழாய் நுனிச் சல்லடையைச் சேற்றில் விடாமல், வெற்றுப் பிளாஸ்டிக் கானொன்றில் கட்டி மிதக்கவிடுங்கள்; பாசி அடைத்தால் மெசின் காற்றைத்தான் இழுக்கும். கிணறென்றால் மெசினை உள்ளே இறக்கி ஓட்டவே வேண்டாம். அதன் புகை ஆளைக் கொல்லும்.

அரிசி ஆலையில் ஆபத்து உமிக் குவியல். மேலே சாம்பல் பொருக்கு, உள்ளே செந்தணல், நடுவில் வெற்றிடம். காலை வைத்தால் இடுப்பளவுக்கு இறங்கும். மேலே ஊற்றும் தண்ணீர் பெரும்பாலும் வழிந்தோடிவிடும். ஜேசிபியால் ஓரத்திலிருந்து வெட்டி, முழங்கால் உயரத்துக்குப் பரப்பி நனைப்பதே வழி. ஆயிரம் லீற்றருக்கு மூன்று லீற்றர் தீயணைப்பு நுரைத் திரவம் கலந்தால் தண்ணீர் உமிக்குள் இறங்கும். அணைந்ததென்று விட்டுப்போன குவியல் நாட்கள் கழித்தும் புகையும், காவல் போடுங்கள்.

பழைய இரும்பை காஸ் கட்டரால் வெட்டுவோர் வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். உமிக்குள்ளோ எண்ணெய்ப் பழந்துணியிலோ விழுந்த பொறி மணிக்கணக்கில் கனன்று இரவில்தான் பற்றும். வெட்டி முடித்தபின் ஒரு மணித்தியாலமாவது ஒருவர் வாளித் தண்ணீரோடு நிற்கவேண்டும். இதற்குச் செலவே இல்லை, ஆனால் செய்வார் இல்லை.

வன்னியில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. போர்ப் பகுதியில் கிடந்த காணியில், புதைந்திருக்கும் வெடிபொருள் தீயின் வெக்கையில் வெடிக்கலாம். கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்படாத நிலத்தில் பாதையைவிட்டு ஓரடியும் வைக்கவேண்டாம். அங்கே உள்ளே போய் அணைப்பதைவிட, எல்லையில் நின்று பரவாமல் தடுப்பதே போதும். எந்தக் காணி எந்த நிலையில் உள்ளது, கிட்டிய குளம் எது, மெசின் இறக்கும் இடம் எது என்று காட்டும் வரைபடத்தைப் பிரதேச சபைகள் சோளகத்துக்கு முன்பே தயாரித்து, தீயணைப்பு வண்டியின் முன் ஆசனத்தில் வைக்கவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பரந்தன்.