ஆமையின் மூச்சு: ஒரு கடிதம்

அன்பு மகளே,

2025 ஜனவரியில் ஒரு விடியற்காலை, முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் கரையோரம் நடக்கும் ஆமை நடைக்குப் போன நீ நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, காலில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்து, ஒரு முட்டைக்குழியும் காணவில்லை, செத்த ஆமைகளைத்தான் இரவெல்லாம் எண்ணினோம் என்று சொன்னாய். அந்தப் பருவத்தில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) இறந்து ஒதுங்கின. அதற்குப் பிறகு நீ கடற்கரைப் பக்கமே போவதில்லை என்று அக்கா சொல்கிறாள். அதற்காக உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆண்டு பிப்ரவரியில் நான் கண்டதை உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அலுவலகத் தோழி ஒருத்தியின் 26 அடிப் பாய்மரப் படகில் நாங்கள் நால்வர் சென்னைத் துறைமுகத்திலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். அலைதடுப்புச் சுவரைத் தாண்டும் வரை சிறிய எஞ்சின் ஓடியது. வெளியே வந்ததும் பெரிய பாயை ஏற்றி, முன்பாயை விரித்து, எஞ்சினை நிறுத்தினார்கள். எனக்குக் கொடுத்த வேலை முன்பாயின் கயிறு. காற்று கிழக்கிலிருந்து வரும்போது படகு நேர் கிழக்கே போக முடியாது. வடகிழக்கே சிறிது தூரம், பிறகு பாயை மறுபுறம் மாற்றித் தென்கிழக்கே சிறிது தூரம் என்று சாய்ந்து சாய்ந்துதான் காற்றை எதிர்த்து ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கக் கயிற்றை விட்டு மறுபக்கக் கயிற்றை இழுக்க வேண்டியிருந்ததால், மதியத்துக்குள் என் உள்ளங்கைகள் இரண்டும் சிவந்துவிட்டன.

கடலிலிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் நம் ஊரின் கரை எனக்குப் புரிந்தது. 1870களில் துறைமுகச் சுவரைக் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அதன் தென்புறத்தில் தேங்கித் தேங்கி மெரினா அகன்றது. மணல் வரத்து நின்றுபோன வடபுறத்தில், ராயபுரத்துக்கு அப்பால், கடல் கரையைத் தின்றது. அங்கே இப்போது கருங்கல் கொட்டிய கரையே நீண்டு தெரிகிறது. நீ நடந்த தென்கரையில் ஆமை குழி தோண்ட இன்னும் மணல் இருக்கிறது. கல்லில் எந்த ஆமையும் முட்டையிடாது.

பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வெகுதூரம் எங்களுடனே வந்தன. மத்திய ஆசியாவின் உயர்ந்த ஏரிக்கரைகளில் பிறந்து, குளிர்காலத்துக்கு நம்மிடம் வருபவை அவை. ஒன்பது மணி வாக்கில் நான்கு ஓங்கல்கள் (டால்பின்கள்) முதுகு காட்டிவிட்டு, எங்களைப் பொருட்படுத்தாமல் வடக்கே போய்விட்டன.

பத்தரை மணிக்குக் காற்று ஓய்ந்தது. கலங்கரை விளக்கமும் சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரமும் விரல் அளவுக்குச் சிறுத்திருந்தன. பாய் தொங்கிப் படகு நின்றுவிட்ட அந்த நேரத்தில், பெரியவர் ஒருவர் தூக்கத்தில் விடும் நீண்ட மூச்சைப் போல ஒரு சத்தம் கேட்டது. இருபதடி தூரத்தில் ஓர் ஆமை தலையைத் தூக்கியிருந்தது. மகளே, எஞ்சின் ஓடியிருந்தால் அந்த மூச்சு என் காதில் விழுந்திருக்காது. அது இன்னும் இரண்டு முறை மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கம் ஒரு கண்ணைத் திருப்பிவிட்டு, அவசரமே இல்லாமல் கீழே இறங்கியது. மாலைக்குள் ஏழு ஆமைகளைக் கண்டோம். எதன் பின்னாலும் படகைச் செலுத்தவில்லை.

அந்த ஏழில் இரண்டு, ஒரு இணை. பெண்ணின் ஓட்டைத் தன் வளைந்த நகங்களால் பற்றியபடி ஆண் மேலே மிதந்தது. ஓட்டுக்கு வெளியே நீண்டிருந்த வாலைக் கொண்டு அதை ஆண் என்று அறிந்தோம். முட்டையிடப் பெண் மட்டுமே கரையேறும். குஞ்சாகக் கடலில் இறங்கிய ஆண் ஆமை தன் வாழ்நாளில் மறுபடி மணலில் கால் வைப்பதே இல்லை. 1988 முதல் மாணவர்கள் நடந்துவரும் அந்தக் கரையில் எத்தனை இரவு நடந்தாலும் ஆண் ஆமையை உயிரோடு காண வாய்ப்பு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கண்ட ஆண்கள் அத்தனையும் பிணங்கள்.

உன்னிடம் மறைக்க விரும்பாத ஒன்றும் உண்டு. காற்று திரும்பி வந்து நாங்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது, எங்களுக்கும் கரைக்கும் நடுவே ஓர் இழுவைப் படகு வலையை இழுத்துக்கொண்டு போனது. ஆமைகள் கரையேறும் பருவத்தில் 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், அப்படி இழுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. நாம் மூச்சு விடும் அதே காற்றைத்தான் ஆமையும் மேலே வந்து வாங்க வேண்டும்; வலை மணிக்கணக்கில் நீருக்குள் இழுபடும்போது, உள்ளே சிக்கியது போராடிப் போராடிக் கையிருப்பு மூச்சைச் செலவழித்துவிட்டு மூழ்கிச் சாகிறது. நீ சொன்ன பிதுங்கிய கண்களுக்கும் வீங்கிய கழுத்துக்கும் காரணம் இதுதான். கம்பித் தடுப்பு வைத்து, ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் வலைகள் இருக்கின்றன. அந்த வழியாக மீனும் இறாலும் போய்விடும் என்று படகுக்காரர்கள் அஞ்சுகிறார்கள். அந்தப் படகிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன், ஆனால் தொண்டை அடைத்துக்கொண்டது. மீன் போய்விடும் என்ற அவர்களுடைய பயத்துக்குப் பதில் சொல்லாமல் விதியை மட்டும் எழுதி வைப்பதால் ஆமை பிழைக்காது என்றே நினைக்கிறேன்.

அன்று இரவு அந்தப் பெண் ஆமை எந்தக் கரையில் ஏறியதோ தெரியாது. ஏறியிருந்தால் ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டிருக்கும். ஐம்பது நாள் கணக்கில் குஞ்சுகள் இந்தப் பங்குனியிலேயே வெளிவந்துவிடும். அவற்றைக் கடலில் விடும் வேலைக்கு உன் நண்பர்கள் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் போவதும் போகாததும் உன் விருப்பம்.

ஆனால் அடுத்த பிப்ரவரியில் படகில் உனக்கு ஓர் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். தொப்பியும் கையுறையும் எடுத்துக்கொள், முன்பாயின் கயிறு உன் கையில்தான்.

அன்புடன்,
உன் சித்தி