சுரங்கத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுரங்க வேலை என்றாலே ஆண்களின் உடல் பலம்தான் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 1842-இல் பிரிட்டன், பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. 1935-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் அதே வழியில் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. கூடையில் நிலக்கரி சுமந்த காலத்தில் அது பாதுகாப்பாக இருந்திருக்கலாம். சரி, இன்றும் அப்படியா? ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புத்தாதுச் சுரங்கங்களில் பெரிய லாரிகள் ஓட்டுநர் இல்லாமலே ஓடுகின்றன. அவற்றைக் கண்காணிப்பவர்கள் சுமார் 1,500 கி.மீ. தள்ளி, பெர்த் நகரில் திரைமுன் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு எந்தத் தோள்வலிமை வேண்டும்?

இயந்திரம் மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை என்பதுதான் என் வருத்தம். பல நாடுகள் தடையை நீக்கிவிட்டன, ஆனால் ஆண்களின் அளவுக்குத் தைத்த கையுறையையும் பூட்ஸையும்தான் பெண்களிடமும் நீட்டுகிறார்கள். விரல் நுனியில் தொளதொளவென்று தொங்கும் கையுறை இயந்திரத்தில் சிக்கினால் கையே போய்விடும். அப்புறம், நிலத்தடியில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லாவிட்டால் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமலா வேலை செய்வார்கள்? தானியங்கி லாரிக்குக் கோடிக்கணக்கில் செலவிடும் நிறுவனங்கள் இந்த இரண்டையும் உடனே செய்து தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்