போமான்ட்டின் தாள்களில் இருக்கும் இன்னொரு மனிதர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் செரிமானம் பற்றி அண்மையில் வந்த கட்டுரை, அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட்டின் சோதனைகளை ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிட்டது. குண்டடி பட்ட "வேட்டைக்காரர் ஒருவரின்" வயிற்றில் ஆறாத துளை ஏற்பட்டது, அதன் வழியே மருத்துவர் உள்ளே பார்த்தார், இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்று உலகம் அறிந்துகொண்டது என்பதோடு செய்தி நின்றது. அந்த மனிதர் வேட்டைக்காரர் அல்லர். அவருக்கு அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்று பெயர் உண்டு. அவருக்கும் போமான்ட்டுக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தமும், ஆண்டுக்கணக்கில் போய்வந்த கடிதங்களும் இன்றும் கிடைக்கின்றன. மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் உடலியங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அச்சான புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு போமான்ட்டைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாகும். அவர் விட்டுச்சென்ற தாள்களையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் அவருடைய சாதனையின் அளவும், அதற்கு இன்னொரு மனிதர் கொடுத்த விலையும் தெரியவரும்.

போமான்ட் 1785-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தின் லெபனான் என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எந்த மருத்துவக் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை. பள்ளி ஆசிரியராகச் சில காலம் வேலை பார்த்துவிட்டு, வெர்மான்ட் மாநிலத்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் பெஞ்சமின் சாண்ட்லர் என்ற மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, மருந்து கலப்பது முதல் பிணப் பரிசோதனை வரை அனைத்தையும் கூடவே இருந்து கற்றுக்கொண்டார். அன்றைய அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவர்கள் இப்படித்தான் உருவானார்கள். ஆனால் போமான்ட்டிடம் எல்லோரிடமும் இல்லாத ஒரு பழக்கம் இருந்தது. நோயாளியிடம் கண்ட அறிகுறிகள், கொடுத்த மருந்து, அதன் விளைவு, இறந்தவரின் உடலைத் திறந்தபோது கண்டவை என ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1812-இல் மருத்துவம் பார்க்க உரிமம் பெற்று, அதே ஆண்டில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே தொடங்கிய போரில் துணை அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். 1813 ஏப்ரலில், இன்றைய டொராண்டோவான யார்க் நகரில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது, இரண்டு நாள் உணவும் உறக்கமும் இன்றிக் கை கால்களைத் துண்டித்தும் உடைந்த மண்டையோடுகளைத் துளைத்தும் சிகிச்சை செய்ததை அவருடைய நாட்குறிப்பு பதிவு செய்கிறது. அந்தச் சூழ்நிலையிலும் எழுதுவதை விடாத கைதான் பின்னாளில் இரைப்பையின் கதையை எழுதியது. தங்கள் கட்டுரை சொல்வதுபோல அதிர்ஷ்டம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அதிர்ஷ்டம் வந்தபோது அதைப் பதிவு செய்யத் தெரிந்தவராக அவர் இருந்தார்.

ஹியூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் நீரிணையில் உள்ள மெக்கினா தீவின் கோட்டைக்கு அவர் 1820-இல் மருத்துவராக வந்தார். விலங்குத் தோல் வாணிபம் செய்த அமெரிக்கன் ஃபர் கம்பெனிக்கு அந்தத் தீவில் ஒரு கடை இருந்தது. அந்த நிறுவனத்துக்காகப் படகு வலித்தும் மூட்டை சுமந்தும் பிழைத்த பிரெஞ்சு கனடியத் தொழிலாளர்களில் ஒருவர்தான் செயின்ட் மார்ட்டின். 1822 ஜூன் 6 அன்று அந்தக் கடைக்குள் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தற்செயலாக வெடித்தது. இரண்டு மூன்று அடி தூரத்தில் நின்ற செயின்ட் மார்ட்டினின் இடது மார்புக்குக் கீழே ரவை மொத்தமும் பாய்ந்தது. நுரையீரலின் ஒரு பகுதியும் இரைப்பையின் ஒரு பகுதியும் காயத்தின் வழியே வெளியே பிதுங்கி நின்றன. காலையில் உண்ட உணவு துளை வழியே வெளிவந்தது. பிழைக்கமாட்டார் என்று கருதப்பட்ட அந்த இளைஞரை மாதக்கணக்கில் புண்ணைக் கழுவி, எலும்புத் துணுக்குகளை அகற்றி, போமான்ட் உயிர் பிழைக்க வைத்தார். பராமரிப்புச் செலவை ஏற்க உள்ளூர் நிர்வாகம் மறுத்து, அவரை நெடுந்தொலைவிலுள்ள சொந்த ஊருக்கு அனுப்பிவிட நினைத்தபோது, தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அன்றைய நிலையில் இது பெரிய மனதுதான், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

காயம் ஆறியது, துளை மட்டும் மூடவில்லை. இரைப்பையின் உட்சுவரிலிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து, துளையை உள்ளிருந்து அடைத்துக்கொண்டது. விரலால் மெல்ல அழுத்தினால் அது விலகும். இரைப்பையின் உட்புறம் கண்ணுக்குத் தெரியும். போமான்ட் வேண்டுமென்றே அதை மூடாமல் விட்டாரா என்ற கேள்வி அன்று முதல் இன்று வரை கேட்கப்படுகிறது. துளையின் விளிம்புகளைச் சீவித் தையல் போட்டு மூடலாம் என்று தாம் சொன்னதாகவும், செயின்ட் மார்ட்டின் அதற்கு இணங்கவில்லை என்றும் போமான்ட் எழுதியிருக்கிறார். நான் அதை நம்புகிறேன். மயக்க மருந்து இல்லாத காலத்தில், ஏற்கெனவே அத்தனை வேதனையைத் தாங்கிய ஒருவர் மீண்டும் கத்தியை மறுத்ததில் வியப்பில்லை. ஆயினும் இதைச் சொல்பவர் போமான்ட் மட்டுமே என்பதை வாசகர் மறக்கக் கூடாது. சந்தேகம் அன்றே எழுந்தது. 1840-இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பத்திரிகை உரிமையாளர் தலையில் இரும்புக் கைத்தடியால் தாக்கப்பட்டார். போமான்ட் மண்டையோட்டில் துளையிட்டுச் சிகிச்சை அளித்தும் அவர் இறந்தார். தாக்கியவரின் வழக்கறிஞர்கள், வயிற்றுத் துளையை விட்டுவைத்ததுபோல மூளையையும் பார்க்கும் ஆவலில்தான் இந்த மருத்துவர் மண்டையைத் துளைத்தார் என்று வாதாடினார்கள். அது நியாயமற்ற வாதம் என்பது என் கருத்து. ஆனால் ஊரார் அவரை எந்தக் கண்ணோடு பார்த்தார்கள் என்பதற்கு அது சான்று.

சோதனைகள் 1825-இல் தொடங்கின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதிக் குறிப்பை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். நண்பகல் 12 மணிக்கு ஒரு பட்டு நூலில் சிறிது சிறிது இடைவெளி விட்டு, மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, உப்பிட்டு வேகவைத்த மாட்டிறைச்சி, பழைய ரொட்டி, நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ் ஆகியவற்றை ஏறக்குறைய 8 கிராம் வீதம் கட்டி, துளை வழியே இரைப்பைக்குள் இறக்கினார். செயின்ட் மார்ட்டின் வழக்கம்போல வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1 மணிக்கு நூலை வெளியே இழுத்துப் பார்த்தபோது முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன; இறைச்சித் துண்டுகள் அப்படியே இருந்தன. மறுபடி உள்ளே விட்டு 2 மணிக்கு எடுத்தபோது முட்டைக்கோஸ், ரொட்டி, பன்றிக் கொழுப்பு, வேகவைத்த இறைச்சி ஆகியவை நூலில் இல்லை. மற்ற இரண்டும் அதிகம் மாறவில்லை. அதே குறிப்பில், தங்கள் கட்டுரையில் இடம்பெறாத செய்தி ஒன்றும் உண்டு. அந்த இளைஞர் வயிற்றில் வேதனை என்றும், உடல் தளர்ந்து தலை வலிக்கிறது என்றும் சொன்னதால் போமான்ட் நூலை எடுத்துவிட்டார். அடுத்த நாளும் உபாதை நீங்கவில்லை. இரைப்பையின் உட்சுவரில் வெண்புள்ளிகள் தோன்றியிருந்தன. அதற்கு மருந்தாகப் பாதரசக் கலவை மாத்திரைகளையும் அதே துளை வழியே போட்டார்.

இதை மறைக்காமல் எழுதினாரே என்பதற்காகவே போமான்ட்டை நான் மதிக்கிறேன். உணவு இரைப்பையில் வேகிறதா, அழுகுகிறதா, அரைக்கப்படுகிறதா என்று நூற்றாண்டுகளாக நடந்த வாதத்துக்கு, சாற்றை வெளியே எடுத்து ஒரு குப்பியில் ஊற்றி, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் வைத்து, அதில் இறைச்சியைப் போட்டுக் காட்டினார். இரைப்பைக்குள் இரண்டு மணி நேரத்தில் கரைந்தது, குப்பியில் இரவு வரை ஆனது; ஆனாலும் கரைந்தது. செரிமானம் ஒரு வேதிவினை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கேட்க முடியாது. வெறும் வயிற்றில் சாறு தேங்கி நிற்பதில்லை, உணவு பட்டவுடன்தான் சுரக்கிறது என்றும், கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்றும், மது அருந்தினால் இரைப்பையின் உட்சுவர் சிவந்து புண்படுகிறது என்றும் கண்டார். சாற்றின் மாதிரியை வர்ஜீனியாவில் மருத்துவப் பேராசிரியர் ராப்லி டங்லிசனுக்கும் யேல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமனுக்கும் கொடுத்து ஆராயச் செய்தார். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பது உறுதியானது. அமிலம் மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை, வேறு ஒரு பொருளும் இருக்க வேண்டும் என்று அவர் ஐயுற்றார். அந்தப் பொருளை, அதாவது புரதத்தைச் செரிக்கச் செய்யும் பெப்சின் என்ற நொதியை, ஜெர்மன் உடலியங்கியலாளர் ஷ்வான் கண்டறிந்தது அதன் பின்னர், 1836-இல். 200-க்கும் மேற்பட்ட சோதனைகளும் 51 முடிவுகளும் அடங்கிய புத்தகம் 1833-இல் பிளாட்ஸ்பர்க்கில் அச்சானது. என் கருத்துகளை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் அவை நிற்கும் உண்மைகளை மறுக்க முடியாது என்ற பொருளில் அதன் முன்னுரையில் எழுதினார். எல்லையோரக் கோட்டைகளில், ஆய்வுக்கூடம் இல்லாமல், வெப்பமானியும் நூலும் குப்பியும் வைத்துக்கொண்டு வேலை செய்த ஒருவருக்கு அப்படி எழுத உரிமை உண்டு.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 1825-லேயே செயின்ட் மார்ட்டின் சொல்லாமல் கனடாவுக்குத் திரும்பி, திருமணம் செய்து, குழந்தைகள் பெற்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின் மனைவியோடு மீண்டும் வந்து, மறுபடியும் ஊர் போயிருந்தார். இந்தப் போக்குவரத்தால் சலித்த போமான்ட், 1832 அக்டோபரில் ஓர் ஆண்டுக்கான ஒப்பந்தத்தை எழுதச் செய்தார். உணவு, உடை, தங்குமிடம் தவிர ஆண்டுக்கு 150 டாலர் ஊதியம். அதற்கு ஈடாகச் செயின்ட் மார்ட்டின் வேலைக்காரராகப் போமான்ட்டுடன் இருக்க வேண்டும். அவர் அழைக்கும் இடத்துக்கெல்லாம் போக வேண்டும். தம் வயிற்றில் அவர் செய்ய விரும்பும் நியாயமான சோதனைகளுக்கு இணங்கி, அவற்றால் வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எது நியாயமான சோதனை என்று தீர்மானிப்பவர் சோதனை செய்பவரே. எழுதப் படிக்கத் தெரியாத செயின்ட் மார்ட்டின் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி இட்டார். பின்னர், வாஷிங்டனில் சோதனைகள் நடந்தபோது, தலைமை அறுவை மருத்துவர் ஜோசப் லவெலின் உதவியால் அவர் ராணுவத்தில் சார்ஜென்டாகவும் சேர்க்கப்பட்டார். செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்க அது வழியானது. ஆனால் படையில் சேர்ந்தவர் நினைத்தபோது விலகிப் போக முடியாது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதச் சோதனைக்கு எழுத்தில் இசைவு பெற்ற தொடக்ககால ஆவணங்களில் ஒன்று என்று சிலர் இந்த ஒப்பந்தத்தைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு உடன்பாடில்லை. ஒரு கூலித் தொழிலாளியின் வறுமையையும் ஊனத்தையும் சேர்த்து விலைக்கு வாங்கிய சேவக ஒப்பந்தம் அது.

1834-இல் குடும்பத்தைப் பார்க்கக் கனடா சென்ற செயின்ட் மார்ட்டின் திரும்பி வரவில்லை. செயின்ட் லூயிஸில் குடியேறிய போமான்ட், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடிதம் எழுதி அழைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்களில் கெஞ்சலும் உண்டு, பணம் தருவதான வாக்குறுதியும் உண்டு. மற்றவர்களுக்கு எழுதியவற்றில் செயின்ட் மார்ட்டினின் குடிப்பழக்கத்தையும் பிடிவாதத்தையும் பற்றிக் கடுமையான சொற்களும் உண்டு. பிறரைக் கொண்டு எழுதுவித்த செயின்ட் மார்ட்டினின் பதில்கள் மரியாதையாக இருக்கும். மனைவி மக்களைப் பிரிந்து வர இயலாது, அவர்களையும் சேர்த்து அழைத்துக்கொள்ள வழி செய்யுங்கள், கூடுதல் தொகை வேண்டும் என்று கேட்டார். பிடிவாதம் என்று போமான்ட் சொன்னதை, தம் உடலின் மதிப்பை உணர்ந்த ஒரு தொழிலாளியின் பேரம் என்றே நான் வாசிக்கிறேன். பனி உறைந்த படிகளில் வழுக்கி விழுந்து நோயுற்ற போமான்ட் 1853 ஏப்ரல் 25 அன்று காலமானார். செயின்ட் மார்ட்டின் அதன் பிறகும் 27 ஆண்டுகள், அதாவது குண்டடி பட்டதிலிருந்து 58 ஆண்டுகள் வாழ்ந்து, 1880-இல் கியூபெக்கில் இறந்தார். அப்போது மான்ட்ரியலில் இருந்த புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், உடலைப் பரிசோதிக்கவும் இரைப்பையை வாஷிங்டனிலுள்ள ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துக்குப் பெறவும் முயன்றார். குடும்பத்தார் மறுத்தார்கள். உடல் எவருக்கும் பயன்படாத நிலையை அடையும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, எவரும் தோண்டி எடுக்காதபடி எட்டு அடி ஆழத்தில் புதைத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1962-இல், கனடிய உடலியங்கியல் சங்கம் கல்லறை அருகே அவருக்கு நினைவுப் பலகை வைத்தது.

போமான்ட்டின் குடும்பத்தார் பாதுகாத்த கடிதங்கள், நாட்குறிப்புகள், குறிப்பேடுகள் முதலியவற்றைக் கொண்டு செயின்ட் லூயிஸ் மருத்துவர் ஜெஸ்ஸி மையர் 1912-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அத்தாள்களின் பெரும்பகுதி இன்று அதே நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் நூலகத்தில் உள்ளது. தம் தந்தைக்குப் பெருமை சேர்க்காத கடிதங்களையும் கிழித்து எறியாமல் வைத்திருந்த அந்தக் குடும்பத்துக்கு மருத்துவ வரலாறு கடன்பட்டிருக்கிறது. அவை இல்லாவிட்டால் செயின்ட் மார்ட்டின் பேரம் பேசியதும் மறுத்ததும் நமக்குத் தெரிந்திருக்காது. சோதனைக்கு உட்பட்டவர் என்ற அளவிலேயே அவரை அறிந்திருப்போம்.

ஆகவே, அறிவியல் இணைப்பின் அடுத்த இதழ்களில் ஒன்றில் 1832-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் முக்கிய விதிகளைத் தமிழில் தந்து, செயின்ட் மார்ட்டினைப் பெயரோடு குறிப்பிடும் ஒரு முழுக் கட்டுரையை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். "வேட்டைக்காரர்" என்று அச்சானதற்கு ஒரு சிறு திருத்தமும் வெளியிட்டால், அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உடலியங்கியல் பேராசிரியர் (ஓய்வு)