கையேந்தவில்லை அப்பா

லெஸ்டர், இங்கிலாந்து
09.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உங்களதும் அம்மாவினதும் சுகமறிய ஆவல்.

போனில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நானும் கத்திக் கத்திப் பாதியில் விட்டுவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் அரசாங்கத்திடம் இனாமாக வீட்டுக்கு ஹீற்றிங் (குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு) போட்டுக்கொண்டோம் என்று மாமி வீட்டில் யாரோ கதைத்தார்களாம். நீங்கள் அம்மாவிடம், "அவள் கையேந்துற நிலைக்கு வந்திட்டாளோ?" என்று கேட்டீர்களாம். அம்மா அதைச் சொல்லி அழுதா. ஆகவே நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பார்க்காமல் நீங்கள் எதையும் நம்பமாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நாங்கள் இருக்கும் வீடு பழைய செங்கல் வீடு, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசையில் நடுவிலே ஒன்று. சூட்டுக்கு இருந்தது கரண்ட் ஹீற்றர்கள்தான். உள்ளே கல் அடுக்கிய பெரிய இரும்புப் பெட்டிகள். இரவில் கரண்ட் விலை குறைந்த நேரத்தில் கல்லைச் சூடாக்கி வைத்து, பகலில் மெல்ல மெல்ல வெளியே விடும். கேட்க நல்லாயிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரம் பார்த்துத்தான் கல் ஆறிப்போயிருக்கும். பிறகு பகல் விலைக் கரண்டில் சின்ன ஹீற்றரைப் போடவேண்டும். இங்கே 2025 தொடக்கத்தில் கரண்ட் ஒரு யூனிற் ஏறக்குறைய 25 பென்ஸாக இருந்தது. அதே அளவு சக்தி காஸில் 6 பென்ஸ் சொச்சம்தான். ஏழைகள் வீட்டில் கரண்ட் ஹீற்றரும் வசதியானவர்கள் வீட்டில் காஸ் பொயிலருமாக இருந்தால் யார் கூடக் கட்டுவார்கள் என்று நீங்களே பாருங்கள்.

குளிரைவிட எனக்குப் பயம் ஈரத்தில்தான். சூடில்லாத வீட்டில் சமைக்கிற ஆவியும் உடுப்புக் காயப்போடும் ஈரமும் சுவரிலே படிந்து, மூலையெல்லாம் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடிக்கும். துடைக்கத் துடைக்க வரும். சின்னவனுக்கு முட்டு (ஆஸ்துமா) என்று சொல்லியிருந்தேனே, அது மாரியில்தான் கூடும். ரொச்டேல் என்ற ஊரில் 2020இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வீட்டுப் பூஞ்சணத்தால் மூச்சு முட்டி இறந்தது. மரண விசாரணையில் அப்படித்தான் முடிவாகி, அந்தப் பிள்ளையின் பெயரிலேயே சட்டமும் கொண்டுவந்தார்கள். அதை வாசித்த பிறகு கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை.

இனி அந்த 'இனாம்' கதை. முன்பு இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கமே வரிக்காசில் வறிய வீடுகளுக்கு ஹீற்றிங் போட்டுக் கொடுத்தது. அது 2013இல் நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்தது வேறு. எக்கோ என்றார்கள். பெரிய காஸ், கரண்ட் கொம்பனிகள் வருமானம் குறைந்தவர்களின் வீடுகளைத் திருத்திக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கொம்பனி தன் சட்டைப்பையிலிருந்தா கொடுக்கும்? எல்லோருடைய பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் எடுத்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் கட்டிய பில்லிலும் அந்தக் காசு இருந்தது அப்பா. மாமி வீட்டில் கதைத்தவருக்கு இதை ஒருக்கால் சொல்லுங்கள்.

உங்கள் மருமகனுக்கு வெயார்ஹவுசில் மணித்தியாலம் குறைந்ததிலிருந்து யூனிவர்சல் கிரெடிற் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம்) வருகிறது. அதைக் காட்டி விண்ணப்பித்தோம். அது இல்லாதவர்களும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 31,000 பவுணுக்குள் என்றால் உள்ளூர் கவுன்சில் மூலம் கேட்க முடிந்தது. சக்தியை எவ்வளவு வீணாக்காமல் வைத்திருக்கிறது என்று வீட்டுக்கும் ஒரு தராதரம் உண்டு, ஏ முதல் ஜீ வரை, ஏதான் நல்லது. எங்களுடையது எஃப். வாடகை வீடென்றால் கடைசி மூன்று தரத்தில் இருக்கவேண்டியிருந்தது, சொந்தக்காரர் சம்மதிக்கவும் வேண்டியிருந்தது.

அங்கேதான் இழுபட்டது. வீட்டுக்காரர் ஊரில் எங்கள் பக்கத்து ஆள்தான். இதில் கையெழுத்து வைத்தால் பிறகு வீட்டில் நாங்கள் உரிமை கொண்டாடுவோமோ என்று அவருக்குப் பயம். நாங்கள் போனாலும் பொயிலர் சுவரிலேயே இருக்கும் என்று விளங்கிய பிறகு கெதியாகக் கையெழுத்து வந்தது. உண்மையில் இனாம் வாங்கியவர் அவர். அவரைப் பற்றி ஊரில் ஒருவரும் கதைக்கவில்லை!

வேலையை வடிவாகச் செய்தார்கள். முதலில் ஒருவர் வந்து ஒவ்வொரு சுவரையும் யன்னலையும் அளந்தார். கூரைக்குள் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு விரித்தார்கள். சூடு மேலால் ஓடும் வீட்டுக்குப் பொயிலர் போடுவதில்லையாம். சமையலுக்கு ஏற்கனவே காஸ் குழாய் வந்திருந்ததால் பொயிலர் சமையலறைச் சுவரில் ஏறியது. அது தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியே ஒவ்வொரு அறையிலும் உள்ள றேடியேற்றருக்கு அனுப்பும். ஆறிய தண்ணீர் திரும்பி வரும். கடைசியில் கதவுகளின் அடியைக் கொஞ்சம் அரிந்தார்கள். சூட்டுக்கு இவ்வளவு செலவழித்துவிட்டு ஓட்டை வைக்கிறார்களே என்று கேட்டேன். ஈரக்காற்று அதால் நகர்ந்து குளியலறை விசிறி வழியே வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் பூஞ்சணம்தான் என்றார் அந்த ஆள்.

இப்போது வீட்டில் 18 பாகைக்குக் கீழே இறங்க விடுவதில்லை. சின்னவன் இரவில் முழுதாக நித்திரை கொள்கிறான். பில் இன்னும் வரத்தான் செய்கிறது, ஆனால் பயமில்லாமல் பிரித்துப் பார்க்கலாம்.

அப்பா, இங்கே இதை ஒருவரும் வெட்கமாக நினைப்பதில்லை. முதியவர்களுக்கு மாரியில் கொடுக்கும் 200, 300 பவுணை வறியவர்களுக்கு மட்டும் என்று 2024இல் அரசாங்கம் சுருக்கியபோது, வெள்ளைக்காரக் கிழவர்கள் தெருவில் இறங்கி எங்கள் உரிமை என்று சத்தம் போட்டார்கள். நீங்களும் அப்படித்தானே செய்தீர்கள்? இலங்கை அரசாங்கம் வறியவர்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசும உதவிப் பட்டியலில் சின்னம்மாவின் பெயர் விடுபட்டபோது மேன்முறையீடு எழுதி, டி.எஸ். ஒப்பீசுக்கு (பிரதேச செயலகத்துக்கு) கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தான். நீங்கள் படித்ததும் இலவசக் கல்வியில். அதை ஒருவரும் கையேந்தினது என்று சொல்லவில்லையே.

பெரியண்ணாவின் மகன் வேலை விசாவில் வர நிற்கிறான் என்று அம்மா சொன்னா. அந்த விசாவில் வருபவர்களுக்கு யூனிவர்சல் கிரெடிற் கிடையாது. இங்கே வந்தால் உதவி வரும் என்று ஏஜென்சிக்காரன் சொன்னால் நம்பவேண்டாம் என்று சொல்லுங்கள். அறை எடுக்கும்போது காஸ் ஹீற்றிங்கா, கரண்ட் ஹீற்றிங்கா, பில் வாடகைக்குள்ளா வெளியிலா என்று கேட்காமல் முற்பணம் கொடுக்கவும் வேண்டாம். அவனுடைய நம்பரை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே கதைக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்