நாயின் வேதனைக்கும் ஒரு அளவுகோல்

ஆசிரியருக்கு,

தீராத நோயில் கிடக்கும் வளர்ப்பு நாயைக் கருணைக்கொலை செய்யலாமா என்று கேட்டால், 'நீங்களே முடிவெடுங்கள்' என்று டாக்டர்கள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். முடிவு வீட்டாருடையதுதான், சரி. ஆனால் எதை வைத்து எடுப்பது?

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஓர் அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என 7 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 வரை மதிப்பெண்; நிலை நன்றாக இருந்தால் மதிப்பெண் கூடும். கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். மூச்சுத்திணறலும் வலிக் கணக்கில்தான் வரும். நம்மில் பலர் கவனிக்கத் தவறுவது அதைத்தான். எங்கள் லேப்ரடாருக்குச் சிறுநீரகம் கெட்டபோது தினசரி காலண்டரில் மதிப்பெண்ணைக் குறித்துவந்தோம். 'இன்னிக்குக் கொஞ்சம் சாப்பிட்டானே' என்ற வாதம் அதோடு நின்றது.

'தானாகப் போகட்டும்' என்பவர்கள், முனகும் நாயோடு ஓர் இரவு உட்கார்ந்து பார்க்கட்டும். முறையாகச் செய்தால் முதலில் மயக்க ஊசி, அப்புறம்தான் உயிரை முடிக்கும் மருந்தான பென்டோபார்பிட்டால். அரசு கால்நடை மருத்துவமனைகளில் இந்த மதிப்பெண் தாளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன? ஒரு பக்கம்தானே ஆகும்.

– வாசகர், தாம்பரம்