இரண்டு ஷரத்துகள் கொண்ட பத்திரம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். ஹேக் நகரில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

சென்ற வாரம் தொலைபேசியில் நீ எழுதிவரும் கட்டுரையைப் பற்றிப் பேசும்போது, போரைக் கைவிடுவதாக நாடுகள் செய்துகொண்ட 1928ஆம் ஆண்டின் கெல்லாக்–பிரியான் ஒப்பந்தத்தை "அது வெறும் காகிதம்தான் அப்பா" என்று சொன்னாய். சார்பதிவாளர் அலுவலக வாசலில் 34 ஆண்டுகள் பத்திரம் எழுதிய எனக்கு அந்தச் சொல் மனத்தில் தங்கிவிட்டது. ஆகவே நீ அனுப்பியிருந்த ஒப்பந்த நகலை, கிரயப் பத்திரத்தைச் சரிபார்ப்பது போல, வரி வரியாக மூன்று முறை படித்தேன்.

உண்மையான ஷரத்துகள் இரண்டே. தேசக் கொள்கையின் கருவியாகப் போரைக் கைவிடுவதாகத் தத்தம் மக்களின் பெயரால் அறிவிப்பது முதலாவது. எவ்வகைத் தகராறானாலும் அமைதி வழியில் மட்டுமே தீர்த்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது, ஒப்புதலும் அமலாக்கமும் பற்றிய நடைமுறை. மீறினால் என்ன என்பது ஷரத்துகளில் எங்குமே இல்லை. போரில் இறங்கும் நாட்டுக்கு இவ்வொப்பந்தத்தின் பலன் மறுக்கப்பட வேண்டும் என்ற ஒரே வாக்கியம் முகவுரையில் நிற்கிறது. மறுப்பது யார், எப்படி என்பதும் அங்கு இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் அண்ணன் தம்பி இருவருக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினேன். பொதுக் கிணற்றில் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் இறைத்துக்கொள்வதாக எழுதிய நான், ஒருவர் தடுத்தால் மற்றவருக்கு என்ன வழி என்று எழுதாமல் விட்டேன். அந்தக் குடும்பம் அதனால் பதினோரு ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைந்தது. அந்தப் பிழை என்னுடையது, அதை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அவர்கள் அமைதியாக வாழ விரும்பியது பொய் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஒப்பந்தத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதை உன் கட்டுரை விரிவாகச் சொல்ல வேண்டும். சிகாகோவில் சால்மன் லெவின்சன் என்றொரு வழக்கறிஞர் இருந்தார். மானத்துக்காக இருவர் ஆயுதமேந்தி மோதும் வழக்கத்தை நாகரிக நாடுகள் ஒழித்தபோது, அதற்கு நல்ல விதிமுறை வகுத்து ஒழிக்கவில்லை, அடியோடு சட்டவிரோதமாக்கித்தான் ஒழித்தன. போருக்கும் அதுவே வழி என்று அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். பெண்கள் அமைப்புகள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, மனுக்களில் கையெழுத்துத் திரட்டின. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஷாட்வெல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஆரிஸ்டீட் பிரியானைச் சந்தித்துப் பேசிய பிறகு, அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய பத்தாம் ஆண்டு நிறைவான 1927 ஏப்ரல் 6 அன்று, இரு நாடுகளுக்குள் போரே இல்லை என்று உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என பிரியான் அமெரிக்க மக்களுக்கு அறிவித்தார். பிரான்சுடன் மட்டும் கட்டுண்டால் அது மறைமுகக் கூட்டணியாகிவிடும் என்று தயங்கிய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஃபிராங்க் கெல்லாக், அவ்வாண்டு டிசம்பர் இறுதியில், எல்லா நாடுகளும் சேரட்டுமே என்று பதில் எழுதினார். ஒருவர் தன் பாதுகாப்புக்குக் கேட்டது, மற்றவரின் தயக்கத்தாலும் மக்களின் நெருக்குதலாலும் உலகத்துக்கே பொதுவானதாகிவிட்டது.

1928 ஆகஸ்ட் 27 அன்று பாரிசில், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தின் கடிகார மண்டபத்தில் 15 தரப்பினர் கையொப்பமிட்டார்கள். உடல் நலிந்திருந்த ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெசமான் நேரில் வந்து, பத்தாண்டுக்கு முன்பு வரை பகை நாடாக இருந்த பிரான்சின் மேசையில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்க செனட் 85க்கு 1 என்ற வாக்கில் அதை ஏற்றது. மூன்றே வாரத்தில் அதே செனட் 15 போர்க்கப்பல்கள் கட்டவும் இசைவளித்தது என்பதையும் மறைக்காமல் எழுது.

கையொப்பமிட்ட அந்தப் பதினைந்து தரப்பில் இந்தியாவும் ஒன்று என்பதைப் படித்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன். நமக்காகக் கையொப்பமிட்டவர் பிரிட்டனுக்காகவும் கையொப்பமிட்ட குஷெண்டன் பிரபுதான். "தத்தம் மக்களின் பெயரால்" என்ற சொற்களின் கீழ் இந்திய மக்களைக் கேட்காமலேயே அவர் கையெழுத்திட்டார். எஜமானர் கொடுக்காத அதிகாரத்தைக் கொண்டு முகவர் எழுதிய பத்திரத்தை நான் ஒருநாளும் பதிவுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். போதாக்குறைக்கு, உலகின் சில பகுதிகளில் தனக்குத் தனி அக்கறை உண்டு, அங்கு தன் செயல் சுதந்திரத்துக்குக் குறைவு வரக்கூடாது என்று பிரிட்டன் முன்கூட்டியே கடிதம் எழுதி வைத்திருந்தது. பத்திரத்தில் தெரியாமல் கடிதத்தில் ஒளிந்திருந்த வில்லங்கம் அது. சொத்தை வாங்கியபின் வில்லங்கச் சான்று பார்க்கிறவர்களின் வேதனை எனக்குத் தெரியும். குடியேற்ற நாடுகளின் நிலை அதைவிடக் கொடியது.

இவ்வொப்பந்தத்தை மீறி 1931 செப்டம்பரில் ஜப்பான் சீனாவின் மஞ்சூரியாவில் இறங்கியதும், 1935இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்ததும் நீ அறிந்தவை. ஆயினும் 1932 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன், இவ்வொப்பந்தத்தை மீறி உண்டாக்கப்பட்ட நிலையை அமெரிக்கா அங்கீகரிக்காது என்று எழுதியபோது இந்தக் காகிதத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார். அதுவரை போரில் வென்று பிடித்த நிலம் வென்றவனுக்கே உரியது என்பதே நடைமுறை. திருடிய பொருளுக்குப் பட்டா இல்லை என்று முதன்முதலாக ஒரு பெரிய அரசு சொல்ல இடம் கொடுத்தது இந்த ஒப்பந்தம். பின்னர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பில், ஆக்கிரமிப்புப் போர் குற்றம் என்று நீதிபதிகள் நிறுவியபோதும் இதே இரண்டு ஷரத்துகளைத்தான் எடுத்துப் படித்தார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். இதில் காலவரம்பு இல்லை, விலகிக்கொள்ளும் ஷரத்தும் இல்லை. இன்றுவரை யாரும் இதை முறைப்படி ரத்து செய்யவுமில்லை. உன் கட்டுரையின் முதல் பத்தியில் "போரைத் தடைசெய்யும் ஓர் ஒப்பந்தம் இருந்தது" என்று எழுதியிருக்கிறாய். "இருக்கிறது" என்று திருத்திவிட்டு, எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
அப்பா